செத்தவள் தின்ற அரிசி

திருவாரூர் மையத்தின் வாசல் சுவரில் ஆள் உயர எழுத்தில் எழுதியிருந்தார்கள்: "1700இல் உலகத்தின் கால் பங்கு நாம்." வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அஞ்சுகம் அதைப் படிக்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான் எழும். நாம் என்றால் யாரு?

செவ்வாய்க்கிழமை காலை ஒரு கல்லூரிக் கூட்டம் சுற்றிப் பார்க்க வந்திருந்தது. இயக்குநர் தில்லைநாயகம் அவர்களைச் சோறுமானியின் முன்னால் நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தார். அதன் அரசாங்கப் பெயர் நீளம், வாயில் நுழையாது. வேலை செய்பவர்கள் வைத்த பெயர்தான் சோறுமானி. குளிர்பெட்டி அளவுக்கு ஒரு வெள்ளைப் பெட்டி, கீழே ஒரு இழுப்பறை. இழுப்பறையில் மண்ணை வைத்தால் ஐந்து நிமிடத்தில் பதில். எலும்பை வைத்தால் ஒன்பது மணி நேரம்.

"ஆகாசத்துல இருக்கிற கண்ணாடிங்க வெயில அள்ளி, கரண்டாக்கிக் கீழ அனுப்புது. அதை யாருக்கு எவ்வளவுன்னு எப்படிப் பிரிக்கிறது? தலைக்கு இவ்வளவுன்னா பணக்கார நாடு ஒத்துக்கல. இன்னிக்கு இருக்கிற வசதிப்படின்னா நாம ஒத்துக்கல. கடைசியில, 1700ல எந்தப் பகுதி எவ்வளவு விளைச்சுதோ அதான் அவங்க பங்குன்னு உடன்படிக்கை ஆச்சு. கப்பலும் பீரங்கியும் வந்து நம்மளச் சுருட்டுறதுக்கு முந்தின கணக்கு."

"அப்ப ரோமாபுரிக்காரங்க சார்?" என்றான் ஒருவன்.

"அவங்க ரொம்ப முன்னாடியே வந்துட்டுப் போயிட்டாங்க. வரிசையில முன்னாடி நின்னா எல்லா எடத்துலயும் லாபமில்ல தம்பி."

சிரிப்பு அடங்கியதும் ஒரு பெண் கேட்டாள்: "1700ல என்ன விளைஞ்சுதுன்னு இப்ப எப்படித் தெரியும்?"

"நல்ல கேள்வி. அந்தக் காலத்துல விளைஞ்சதுல பெரும்பாதி வயித்துக்குள்ளதான் போச்சு. ஒரு ஆள் என்ன சாப்பிட்டான்னு தெரிஞ்சா, அதை ஆள் எண்ணிக்கையால பெருக்கு. அதோட அரண்மனை, கோயில், களஞ்சியம்னு மேல போனதைக் கூட்டு. பேரரசு வந்துடும். துருக்கி சுல்தானோ, சீனப் பேரரசரோ, தஞ்சாவூர் ராஜாவோ, எல்லாருக்கும் இதே கணக்குதான். ஆள் என்ன சாப்பிட்டான்? அதைத்தான் இது சொல்லுது. புதைச்ச எடத்துல, தாடையைச் சுத்தி இருக்கிற மண்ணை எடுத்து உள்ள வெச்சா போதும்." அவர் அஞ்சுகத்தைக் காட்டினார். "இவங்கதான் நம்ம மண்சாட்சி. ஒரு பகுதியோட கணக்குல அந்த மண்ணுல பொறந்தவங்க கையெழுத்துப் போட்டாத்தான் செல்லும். வெள்ளிக்கிழமை இவங்க போடப்போற கையெழுத்துலதான் நம்ம வெளிச்சமே இருக்கு."

எல்லோரும் கை தட்டினார்கள். அஞ்சுகம் தலையை மட்டும் அசைத்தாள். மகளுக்குப் படிப்பால் வேலை கிடைத்தது என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லியிருந்தாள். அந்தத் தெருவில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அஞ்சுகம். முதுகலையில் தங்கப் பதக்கம். ஆனால் வேலை கிடைத்தது பிறந்த இடத்துக்காக. அதை அவள் அம்மாவிடம் சொல்லவில்லை.

கூட்டம் போனதும் அவள் கடைசிக் கட்டு மாதிரிகளைச் சரிபார்க்க உட்கார்ந்தாள். ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு எவர்சில்வர் தகடு உண்டு. அளவை அதில் பொறித்து எலும்போடு கட்டிவைப்பார்கள். 112ஆம் தகட்டின் எலும்பு அவள் தெரு இடுகாட்டிலிருந்து வந்தது. பெண், வயது முப்பதுக்குள், 1690 வாக்கில் இறந்தவள். உணவு: நெல்லரிசி, உயர்ந்த ரகம். போதுமான அளவு.

அஞ்சுகத்துக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் தெருவில், முந்நூறு வருஷத்துக்கும் முன்னால், உயர்ந்த ரகமா?

திரையைக் கீழே தள்ளினாள். யாரும் அவ்வளவு தூரம் தள்ளிப் பார்ப்பதில்லை. அங்கே ஒரு வரி இருந்தது. வேகவைத்ததன் தடம்: இல்லை.

அடுத்ததைப் பார்த்தாள். இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. நூற்று நாற்பது மாதிரியிலும் வேகாத பச்சை அரிசி. பெட்டியைச் செய்தவர்கள் சோறு தின்னாத தேசத்துக்காரர்கள். தாடையில் தானியம் கண்டால் தின்றது என்று எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். ஆனால் எந்த ஊரில் ஜனங்கள் ஆயுசு முழுக்கப் பச்சை அரிசியை மெல்லுகிறார்கள்?

அப்பா பக்கிரிசாமி செத்தபோது அவள் கல்லூரி இரண்டாம் வருஷம். சாகும்வரை ரேஷன் அரிசியைத் தவிர வேறு காணாத வாய். அன்றைக்கு மட்டும் அம்மா கடைக்கு ஆளனுப்பி நயம் பொன்னி அரிசி வாங்கிவரச் சொன்னாள். குழிக்குப் போகுமுன் சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து மூன்று மூன்று தடவை அந்த வாயில் போட்டார்கள். அஞ்சுகமும் போட்டாள். உதட்டில் ஒட்டிக்கொண்ட ஒரு மணியை அவளே விரலால் உள்ளே தள்ளினாள்.

"நாச்சியாக்கா," என்று கூப்பிட்டாள்.

சோறுமானியை ஓட்டுபவள் மரியம் நாச்சியா, நாகூர்க்காரி. டீக்கோப்பையோடு வந்து திரையைப் பார்த்தாள்.

"என்ன புள்ள, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?"

"இது தின்ன அரிசி இல்லக்கா. வாய்க்கரிசி."

நாச்சியா கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். "யா அல்லாஹ். நாங்க அரிசி போடுறதில்ல, எனக்கு இது தோணவே இல்ல பாரு. அப்ப உசுரோட இருக்கிறப்ப என்ன தின்னாளாம்?"

"எலும்பைக் கேட்டாத் தெரியும். ஒன்பது மணி நேரம் ஆகும்."

"நாளைக்குக் காலையில ஏழு மணிக்கே வந்து போடுறேன். அனுமதி கேட்டா தரமாட்டாங்க. பெட்டியச் சுத்தம் பண்றேன்னு எழுதிக்கிறேன்."

புதன் மாலை நாலு மணிக்கு இழுப்பறை திறந்தது. தேவையில் பாதிக்கும் குறைவு என்றது பெட்டி. கேழ்வரகு, கீரை, நத்தை, வயல் நண்டு. வருஷத்தில் நாலு மாதம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. முதுகெலும்பு ஐம்பது வயதுக்காரியின் முதுகெலும்பு மாதிரி தேய்ந்திருந்தது. நாற்று நட்டுக் குனிந்தே தேய்ந்த முதுகு.

"விளைச்சது நெல்லு, தின்னது நத்தை," என்றாள் நாச்சியா. "ஆமா, விளைஞ்ச நெல்லு போன எடத்தக் களஞ்சியக் கணக்குல கூட்டியாச்சுல்ல?"

"கூட்டியாச்சு. அள்ளிட்டுப் போனது ஒரு தடவ. இவ தின்னதா இன்னொரு தடவ." அஞ்சுகம் பல்லைக் கடித்தாள். "அதுதான்க்கா அந்தக் கால் பங்கு."

நாச்சியா எலும்பளவைப் புதிய தகடு ஒன்றில் பொறித்து அவள் கையில் கொடுத்தாள்.

தில்லைநாயகம் கெட்ட மனிதர் இல்லை. கேண்டீனில் தன் தட்டைத் தானே கழுவுவார். அஞ்சுகத்தை ஒருநாளும் பேர் சொல்லி அதட்டியதில்லை. அவள் தகட்டை மேசையில் வைத்து, "சார், தாடையில இருக்கிறது வாய்க்கரிசி" என்றபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"தெரியும்மா."

"எப்பலேர்ந்து?"

"மூணாவது மாதிரியிலேர்ந்து. எங்கப்பாவுக்கு நானும் போட்டவன்தானே. எங்க ஆளுங்களோடது சிதையிலேயே எரிஞ்சுபோயிடும். புதைக்கிறவங்களோடது மண்ணுல நிக்குது. அவ்வளவுதான் வித்தியாசம்."

"தெரிஞ்சே விட்டீங்களா?"

"உட்காரு."

அவள் உட்காரவில்லை.

"சரி, நின்னுக்கிட்டே கேளு. நீ ஆட்சேபம் எழுதினா டெல்டாவோட நிக்காது. கங்கைக்கரை, வங்காளம், எல்லாத்தையும் திறப்பாங்க. நம்ம பங்கு கால்லேர்ந்து ஆறுல ஒண்ணுக்கு விழும். யாரோட கரண்ட்டு முதல்ல போகும்? என் வீட்டோடதா? பட்டியல் என்கிட்ட இருக்கு. கடல் தண்ணிய எறைக்கிற கடைசி வரிசை பம்புங்க. உன் தெரு பம்பு நாலாவது." அவர் குரல் தாழ்ந்தது. "எரநூறு வருஷம் நம்மளக் கொள்ளையடிச்சவன்கிட்டேர்ந்து ஒரு தடவ, ஒரே தடவ, திருப்பி வாங்குறோம். செத்தவ சாப்பிட்டான்னு எழுதினா உசுரோட இருக்கிறவ சாப்பிடுவா. இதுல என்னம்மா பாவம்?"

அஞ்சுகத்துக்கு அதுதான் அதிகக் கோபம். அவர் சொன்னதில் பாதி நிஜம்.

"சார், அவளக் கொள்ளையடிச்சவன் கப்பல்ல வரல," என்றாள். "அவன் இங்கேயே இருந்தான். அவன் அள்ளுனதையும் அவ பட்டினியையும் சேத்துக் கூட்டி 'நாம்'னு சுவத்துல எழுதியிருக்கீங்க. அதுக்கு அடியில என் கையெழுத்து கேக்குறீங்க."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கு. வீட்டுக்குப் போயி அம்மாகிட்ட கேளு."

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் போனாள். அம்மா ராசாம்பாள் தெருக்கோடி பம்பு கொட்டகையில் பகல் ஷிப்டு. கடல் ஏறிய பிறகு தெருவின் மூன்று பக்கமும் உப்புத் தண்ணீர். பம்பு ஓடினால்தான் வீடுகள் வீடுகளாக இருக்கும். அம்மா ஒரு கையால் வடிகட்டியில் அடைத்த பாசியைப் பிய்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"போட்டுட்டுப் போடி. செத்தவளுக்கு இனிமே என்ன வந்துச்சு? பம்பு நின்னா முட்டிக்கு மேல தண்ணி. பக்கத்து வூட்டு ஜோதிகிட்ட பச்சப்புள்ள இருக்கு."

"பொய்யின்னு தெரிஞ்சுமா?"

"நாட்டுல எவன் நெசத்துல கையெழுத்துப் போடுறான்? உனக்கு மட்டும் ஏன் இந்தத் திமிரு?"

"நீ குடுத்ததுதான்."

அம்மா பாசியை அவள் காலடியில் எறிந்தாள். அஞ்சுகம் பையிலிருந்து தகட்டை எடுத்து, பொறித்திருந்ததை ஒவ்வொன்றாக வாசித்தாள். கேழ்வரகு. கீரை. நத்தை. நண்டு. நாலு மாதம் ஒன்றுமில்லை.

"எந்த மாசம்?" என்று அம்மா கேட்டாள்.

"அது தெரியாது. வருஷா வருஷம்னு தெரியும்."

"நடவுக்கு முந்தி. வேற எப்ப? எங்கம்மா காலம் வரைக்கும் அப்படித்தான்." அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "அப்ப அந்த மெசினு என்ன சொல்லுச்சாம், நல்ல அரிசியாத் தின்னான்னா?"

"உயர்ந்த ரகம்."

"அந்த அரிசிய எவ எவகிட்ட கைய ஏந்தி வாங்கியாந்தாளோ. அதையும் சோத்துக் கணக்குல எழுதிட்டானுவளா." அம்மா துப்பினாள். "உங்கப்பன் பொணத்துக்குப் போட்ட பொன்னிய நாளைக்கு எவனாவது தோண்டி, பக்கிரிசாமி தெனம் பொன்னி தின்னான்னு எழுதுவான். அப்புடித்தானே?"

"அப்புடித்தான்."

"பம்பு எத்தன நாளைக்கு நிக்கும்?"

"தெரியாதும்மா. நெசமாவே தெரியாது."

"வாளி இருக்கு," என்றாள் அம்மா. வடிகட்டியைத் திரும்ப மாட்டி, அடிபட்ட மாதிரி சத்தம் வர அதை முறுக்கினாள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அஞ்சுகம் சான்றிதழில் கையெழுத்துப் போடவில்லை. ஆட்சேபப் படிவத்தில் போட்டாள். அதில் அவள் அதிகம் எழுதவில்லை. 'தாடையில் உள்ள தானியம் வேகாதது. எங்கள் ஊரில் இறந்தவர் வாயில் அரிசி போடுவோம். உயிரோடு இருந்தபோது கிடைக்காத அரிசியைப் போடுவோம். அது உணவு இல்லை. எலும்பைப் பாருங்கள்.' உடன்படிக்கையின் விதிப்படி, ஒரு மண்சாட்சி எழுதும் ஆட்சேபம் உலகத்தின் எல்லா மண்சாட்சிகளுக்கும் அவரவர் மொழியில் போகும். தில்லைநாயகம் அவள் அனுப்பும்வரை வாசலில் நின்றார். தடுக்கவில்லை. "உன் தெருவுக்கு நீயே பதில் சொல்லிக்க" என்று மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமையே உடன்படிக்கைப் பட்டியலில் பகுதி 31, அதாவது டெல்டா, 'ஆட்சேபத்தில் உள்ளது' ஆனது. பம்பு காலையில் மூன்று மணி நேரம் மட்டும் ஓடியது. இரண்டாம் வாரம் தண்ணீர் வாசற்படி ஏறியது. நாலாம் வாரம் ஜோதி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள். போகிற வழியில் அஞ்சுகத்தின் முகத்துக்கு நேராகவே கேட்டாள்.

"படிச்ச புள்ள எங்களுக்கு வெளிச்சம் கொண்டாரும்னு பாத்தோம். நீ எலும்புக்குப் போயி வக்காலத்து வாங்கிட்டியே. அந்தம்மா வந்து எறைப்பாளா தண்ணிய?"

அஞ்சுகம் வாளியை எடுத்தாள். வேலைக்குப் போகுமுன் நூறு வாளி, வந்தபின் நூறு வாளி. உள்ளங்கை கொப்புளித்து, உடைந்து, உப்புப் பட்டு எரிந்தது. அம்மா பக்கத்தில் நின்று இறைத்தாள். ஒருநாள் நடுவில் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்ட அம்மா, "அவளுக்கும் இந்த எடத்துலதான் வலிச்சிருக்கும், இல்ல?" என்றாள்.

"அதே எடந்தான்."

"ம்" என்று சொல்லிவிட்டு அம்மா மறுபடி குனிந்தாள்.

ஆறாம் வாரம் நாச்சியா ஓடிவந்து அவள் மேசையில் ஒரு தாளை வைத்தாள். யாங்சி ஆற்றங்கரையின் மண்சாட்சி, ஒரு நெசவுத் தொழிலாளியின் மகள், எழுதியிருந்தாள்: 'நாங்களும் வாயில் அரிசி வைப்போம். எலும்பைப் பார்த்தேன். ஆட்சேபம்.'

அடுத்த நாள் வோல்காவிலிருந்து: 'குழியில் தேன் கலந்த கோதுமை வைப்போம். அவர்கள் பண்ணையடிமைகள். தேனைக் கண்டதில்லை. ஆட்சேபம்.' பிறகு ஆண்டிஸ் மலையிலிருந்து, மக்காச்சோளம். இங்கிலாந்தின் மேற்கோரத்திலிருந்து, பிணத்தின் நெஞ்சில் வைக்கும் ரொட்டியும் உப்பும். ஒரு கரும்புத் தீவிலிருந்து வந்தது ஒரே வரி: 'எங்கள் ஆட்களின் குழியில் ஒரு கிண்ணம் சர்க்கரை இருந்தது, அவர்கள் வெட்டிய கரும்பு, அவர்கள் தொடக்கூடாத சர்க்கரை.'

நாச்சியா ஒவ்வொரு தாளாக வாசித்தாள். "எல்லா ஊர்லயும் இதத்தான் பண்ணியிருக்காங்க புள்ள. உசுரோட இருக்கிறப்ப குடுக்க முடியாதத, செத்த பொறவு குடுத்துருக்காங்க. இந்தக் கிறுக்குப் பெட்டி அத எல்லாம் ராஜாங்களோட கணக்குல சேத்துருச்சு."

பதினொன்றாம் வாரம் புதிய பட்டியல் வந்தது. உலகத்தின் எல்லாப் பேரரசுகளும் சுருங்கியிருந்தன. மொத்த உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருந்தது. யாரும் தின்னாத சோறு. ஆனால் எல்லோரும் ஒருசேரச் சுருங்கியதால் பங்கு ஏறக்குறைய அப்படியே நின்றது. இந்தியத் துணைக்கண்டம்: கால் பங்குக்கு ஒரு மயிரிழை குறைவு. அன்று மதியமே தெருப் பம்பு முழுநேரம் ஓட ஆரம்பித்தது.

தில்லைநாயகம் தாளை மேசையில் போட்டார். சந்தோஷமா, எரிச்சலா என்று அவருக்கே தெரியவில்லை போலிருந்தது.

"பாத்தியாம்மா? அதே கால் பங்கு. இதுக்கா பதினோரு வாரம் உப்புத் தண்ணில கெடந்தே?"

"சதவீதத்தப் பாக்காதீங்க சார். அதுக்குக் கீழ மொத்தத்தப் பாருங்க."

அவர் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"112ஐ நான் எடுத்துட்டுப் போறேன்," என்றாள் அஞ்சுகம். "ஆய்வு முடிஞ்ச எலும்ப அந்தந்த மண்ணுலயே திரும்பப் புதைக்கணும்னு விதி இருக்கு. இதுவரைக்கும் ஒண்ணு கூடப் போகல."

அவர் வெளியே எடுத்துச்செல்லும் சீட்டில் கையெழுத்துப் போட்டார். அந்த மையத்தில் அன்று கையெழுத்துப் போட்டது அவர் மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை இடுகாட்டில் தண்ணீர் வடிந்து சேறாக இருந்தது. அப்பாவின் குழிக்குப் பக்கத்தில் அஞ்சுகமே வெட்டினாள். ஜோதி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தள்ளி நின்றாள். ஆனாலும் வந்திருந்தாள். எலும்பை இறக்கியதும் அம்மா தூக்குவாளியைத் திறந்தாள். ஆவி பறந்தது. சுடச்சுடச் சோறு, மேலே நண்டுக் குழம்பு.

"யம்மா, அரிசிதானே போடுவாங்க?"

"பச்ச அரிசிய எப்புடித் திம்பா? அவளுக்கு முன்னயே போட்டாச்சு. இது சாப்பாடு." அம்மா பிசைந்து ஒரு கவளம் உருட்டினாள்.

"வேகவெச்சதப் போட்டா இன்னும் முந்நூறு வருஷம் கழிச்சுத் தோண்டுறவன், இவ தெனமும் நண்டுக் குழம்போட தின்னான்னு எழுதிடுவான்."

அம்மாவின் கை குழிக்கு மேலே அந்தரத்தில் நின்றது. பிறகு கவளத்தை எலும்பின் பக்கத்தில் மெதுவாக வைத்தாள். "திங்கட்டும். எழுதுறவன் சரியா எழுதுறதுக்கு வேண்டியத நீ பாத்துக்க. அதுக்குத்தானே உன்னப் படிக்க வெச்சேன்."

அஞ்சுகம் பையிலிருந்து தகட்டை எடுத்தாள். கேழ்வரகு, கீரை, நத்தை, நண்டு, நாலு மாதம் ஒன்றுமில்லை. கீழே, நாச்சியாவின் பொறிப்பூசியால் நேற்று அவளே கூடுதலாக ஒரு வரி பொறித்திருந்தாள்: 'பக்கத்தில் உள்ள சோறு, நாங்கள் பின்னால் கொண்டுவந்தது.'

அதை எழுத்து மேலே தெரியும்படி சோற்றின் மேல் வைத்தாள். மண்ணைத் தள்ளி மூடினாள். தெருக்கோடியில் பம்பு ஓடிக்கொண்டிருந்தது.